வாய்க்கட்டு

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே வயசான ஜென்மம் பாவாயி. சனி ஞாயிறானால் போதும், ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைக்கு வருகிற பாதை முழுக்கக் கார்தான். வண்டியை நிறுத்திவிட்டுக் காப்பிச் செடிக்குள் இறங்குவார்கள். இவள் பழம் பறிக்கிற கூடையை வாங்கித் தங்கள் இடுப்பில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போகும்போது, நீங்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள், சொர்க்கத்தில் இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்கள். அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே இவளும் "ஆமாங்க" என்பாள். வேறென்ன சொல்வாள், பாவம்.

அவளே ஒரு தை மாதக் கடைசியில் ஊர் பார்க்கப் போகிற கும்பலுக்கு நடுவில் உட்கார்ந்து போகும்படி ஆயிற்று. சேலத்தில் ஏறிய சிதம்பரம் பஸ்ஸில் முன்னாலும் பின்னாலும் ஒரே கூட்டத்து ஆட்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் படகு விடுவதையும் பரங்கிப்பேட்டை நண்டு வறுவலையும் பற்றித்தான் வழியெல்லாம் பேச்சு. பாவாயியின் மடியில் ஒரு கட்டைப்பை. அதில் சாமை அரிசி, வறுத்து அரைத்த காப்பித்தூள், ஒரு சீப்பு மலை வாழைப்பழம். அவளுக்குக் கடலும் வேண்டாம், காடும் வேண்டாம். ஏழு மாதக் கர்ப்பிணியாகப் பரங்கிப்பேட்டையில் இருக்கிற மகள் சுஜாதாவைத் தலைப்பிரசவத்துக்குக் கையோடு மலைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். சாமியிடம் அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

சுஜாதா ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிற வேலைக்குப் போனாள். அங்கே மீன் வறுக்க வந்தவன் அருள்தாஸ். மலைமேல் மீன் வறுப்பதற்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஆள் எதற்கு என்று அந்த முதலாளியைத்தான் கேட்கவேண்டும். ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் சேலம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். இது நடந்து மூன்று வருஷம். பாவாயியின் புருஷன் வெள்ளையன் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கும் கத்தவில்லை, அடிக்கவில்லை. ஊற்றுக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஈரத்துண்டோடு வாசலில் நின்று, இருந்த ஒரே பிள்ளைக்குத் தலை முழுகியாச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் பேரை அவர் வாய் சொன்னதில்லை. பாவாயி மட்டும் காப்பிக் காட்டுக்குள் நின்று திருட்டுத்தனமாக மகளோடு போனில் பேசுவாள்.

இந்த மாதிரி இக்கட்டுக்குத் தலைச்சோலைப் பெண்களிடம் ஒரு வழி உண்டு. வாய்க்கட்டு என்பார்கள். நடக்கவே நடக்காது என்கிற காரியம் நடக்கவேண்டுமானால், சேர்வராயன் கோயில் திருவிழாவான நோம்பியன்று குகைக்குள் சாமி முன்னால் நின்று மனசுக்குள் கட்டிக்கொள்வது. காரியம் முடிகிற மட்டும் கவுச்சி வாயில் படக்கூடாது. கவுச்சி என்றால் அந்தப் பக்கத்தில் கறி, மீன், முட்டை எல்லாம்தான். இது பாதிக் கட்டு. மீதிப் பாதி, கட்டியிருப்பதை ஒருத்தரிடமும் சொல்லக்கூடாது. ஜாடை காட்டக்கூடாது. முகத்துக்கு நேராகக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆம்பிளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெண்ணுக்குத் தாலி ஏறுகிற அன்றைக்குப் பெரிய பொம்பளைகள் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். சுஜாதாவுக்குத் தாலி ஏறியது கடலோரத்து மாதா கோயிலில். அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

கட்டு அவிழ்ந்தால் காரியம் மண்ணாய்ப் போகும். அதோடு விட்டால் தேவலையே. அவிழ்ந்ததை மறைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டால், யாருக்காகக் கட்டினார்களோ அவர்களையே சாமி எடுத்துக்கொள்ளும். அதே ஊர் அருக்காணிக்கு அப்படித்தான் ஆயிற்று. கேரளாவுக்குப் போன புருஷன் திரும்பி வரவேண்டும் என்று கட்டியவள், ஒரு விருந்து வீட்டில் ஆசைப்பட்டு அரை முட்டையைத் தின்றுவிட்டாள். தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். புருஷன் வந்தான். வந்த வாரமே அவன் போன ஜீப் கவிழ்ந்தது. இழவு வீட்டில் ஒவ்வொரு பொம்பளையாகக் கட்டிக்கொண்டு முட்டை தின்றதைக் காதுக்குள் சொல்லிச் சொல்லி அழுதாள். டிரைவர் குடித்திருந்தான் என்று போலீசார் சொன்னார்கள். தலைச்சோலைப் பெண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சுஜாதா ஓடிப்போன அதே வருஷத்து நோம்பியில் பாவாயி கட்டிக்கொண்டாள். என் மகள் என் வாசப்படியை மறுபடி மிதிக்கவேண்டும், அதுவரைக்கும் இந்த வாய் கட்டு. தீபாவளிக்கு ஆடு அறுத்தார்கள், தொடவில்லை. அண்ணன் மகன் கல்யாணத்தில் பந்தியை விட்டு எழுந்து போனாள். போனவளை நினைத்து இவள் நாக்கு செத்துவிட்டது என்று வெள்ளையன் நினைத்துக்கொண்டார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கட்டு பலிக்கிற மாதிரிதான் இருந்தது. பொங்கல் கழிந்து ஒரு நாள், களி தின்றுகொண்டிருந்த வெள்ளையன் தட்டைப் பார்த்தபடியே, "புள்ளத்தாச்சியா இருக்குதாமா?" என்றார். எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. பாவாயி ஆமாங்க என்றாள். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "தலச்சன் புள்ளைய எதுக்குக் கண்ட எடத்துல பெக்கோணும்? போயிக் கூட்டியா" என்று சொல்லிக் கையைக் கழுவினார். பாவாயி வீட்டுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மறுநாளே அவர் சுண்ணாம்பு வாங்கிவந்து உள்ரூமுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பரங்கிப்பேட்டையில் அருள்தாஸ் வீடு வெள்ளாறு கடலில் விழுகிற பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு ரூம், வாசலில் உலர்கிற வலை. அவன் அம்மா லூர்துசெல்வி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நண்டும் மீனும் வறுத்து விற்கிற கடை வைத்திருப்பவள். புருஷனைச் சின்ன வயசிலேயே கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். குரல் பெரிசு, மனசும் பெரிசு. வாங்க சம்மந்தி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா என்று பையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். சுஜாதா வெயிலில் கறுத்துப் போயிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் லூர்துசெல்வியும் மூக்கைச் சிந்தினாள்.

அன்று மத்தியானம் வியாபாரிக்குப் போகவேண்டிய நல்ல மீனை நிறுத்திவைத்துச் சமைத்திருந்தார்கள். நண்டு வறுவல், இறால் தொக்கு, மாங்காய் போட்ட கொடுவா மீன் குழம்பு. தட்டில் சோறு விழுந்தது. குழம்புக் கரண்டியோடு லூர்துசெல்வி குனிந்தபோது பாவாயி பதறிப்போய்க் கையால் தட்டை மூடினாள்.

"ஏனுங்க, நான் கவுச்சி தொடறதில்லீங்க."

லூர்துசெல்வியின் கை அப்படியே நின்றுவிட்டது. மலையில் அது ஒரு சாதாரண வார்த்தை. கடலோரத்தில் கவுச்சி என்றால் கெட்டுப்போன மீனின் நாற்றம். ஒரு மீன்காரியிடம், அவள் வீட்டில் உட்கார்ந்து சொல்லக்கூடிய பேச்சா அது!

"காலையில கரைக்கு வந்த மீனு சம்மந்தி. கவுச்சி அடிச்ச மீன நாங்க பூனைக்குக்கூடப் போடமாட்டம்" என்றாள்.

சுஜாதாதான் சிரித்துச் சமாளித்தாள். எங்கள் ஊரில் கறி மீனுக்குப் பேரே அதுதான் அத்தை, அம்மா தப்பாகச் சொல்லவில்லை என்று விளக்கினாள். லூர்துசெல்வியும் போனால் போகிறது என்று சிரித்துவிட்டாள். வார்த்தை ஆறிவிட்டது. ஆனால் சுஜாதா சிரித்து முடித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "நீதான் கறின்னா எலும்பக்கூட உடமாட்டியேம்மா, என்னத்துக்கு இப்ப வேண்டாங்கற?" என்றாள்.

உடம்புக்குச் சேரவில்லை கண்ணு என்று பாவாயி மழுப்பினாள். ரசம் ஊற்றிக்கொண்டு நாலு வாய் தின்றாள். சுஜாதா நண்டுத் தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

மறுநாள் அருள்தாஸ் தன் படகில் சுரபுன்னைக் காட்டைக் காட்டக் கூட்டிப்போனான். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தை அத்தை என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். தண்ணீருக்குள்ளேயே மரம். வேர் எல்லாம் வெளியே நின்றது. கொக்கு உட்கார்ந்திருந்தது. பாவாயி எதைப் பார்த்தாள்? மகளின் வீங்கிய காலையும் மேல்மூச்சு வாங்குகிற வயிற்றையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசிப் பனிக்கு இவளுக்குக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுக்கலாம். அடுப்புப் பக்கத்தில் கட்டில் போடலாம். இன்னும் இரண்டே நாள். வாயைக் கட்டிக்கொண்டு இரண்டு நாளை ஓட்டிவிட்டால் போதும்.

ஆனால் அது ஓடுகிற நாளாக இல்லை. அடுத்த வேளையும் பாவாயி ரசம் சோறுதான். அதற்கடுத்த வேளை மோரும் ஊறுகாயும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் சுஜாதாவைக் கேட்டார்கள். உங்க அம்மா சம்மந்தி வீட்டில் கை நனைத்தாளா இல்லையா? மலைக்காரி நம் தட்டில் தின்பாளா? அதைச் சுஜாதா அம்மாவிடம் சொல்லவில்லை. லூர்துசெல்விதான் சொன்னாள்.

கடையில் மீனைக் கீறி மசாலா தடவிக்கொண்டே, பாவாயியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"சம்மந்தி, நேர்ச்சை ஏதும் வச்சிருக்கீங்களா? மறைக்காம சொல்லுங்க. அருளு புயல்ல மாட்டுனப்ப நான் மாதாவுக்கு வச்சு ஒரு வருசம் மீனத் தொடலை. மீன் விக்கிறவ மீனத் தொடலைன்னா பாத்துக்கங்க. அதான் விசயமுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. சுஜாதாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இந்தப் பரந்த உலகத்தில் பாவாயி படுகிற பாட்டைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனுஷி, கையில் கத்தியோடு எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்க்கிறாள். ஆமாங்க என்று தலையை அசைத்தால் போதும். அந்த அசைவே கட்டை அவிழ்த்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்ததைப் பாவாயி விழுங்கினாள்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

சரி, அப்ப வேற என்னாத்தச் சொல்றது என்று லூர்துசெல்வி முகத்தைத் திருப்பி மீனைக் கீற ஆரம்பித்தாள். அதற்கப்புறம் பாவாயியிடம் அவள் பேசிய பேச்செல்லாம் அளந்து பேசிய பேச்சு.

நாலாம் நாள் காலையில் ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. முந்தின மத்தியானம் சுஜாதா யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவளே மீன் ஆய்ந்து, அவளே மசாலா அரைத்துக் குழம்பு வைத்தாள். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். மாமியாரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவை உட்காரவைத்து, சோற்றைப் போட்டு, ஒரு கண்டம் மீனை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"தின்னும்மா."

"கண்ணு, நான்தான் சொன்னனே சாமி, ஒடம்புக்கு..."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியும்." சுஜாதா சுவரைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "மூணு வருசமா இந்த வூட்டுல சொல்லிக்கிட்டே இருந்தேம்மா. எங்கம்மா வரும், எங்கம்மா அப்பிடியெல்லாம் பாக்காது, உங்க தட்டுலயே தின்னும்னு. நீ வந்து இப்பிடிப் பண்ணற. அப்பன் தலை முழுகுனாரு. அவருகூட ஒருக்காத்தான் முழுகுனாரு. நீ வேளைக்கு வேளை முழுகற."

பாவாயி வாயைத் திறந்தாள். சொல்லக்கூடிய ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்லக்கூடாது.

"ஒரு வாய் தின்னும்மா. தின்னா நாளைக்கு நான் உங்கூட வரேன். தின்னலேன்னா நீ தனியாப் போயிக்க. புள்ள பொறந்தாலும் பாக்க வராத. என்ற கைச் சோறு வேண்டாங்கறவளுக்கு என்ற புள்ள மட்டும் எதுக்கு?"

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். வயிறு குலுங்கக் குலுங்க அழுதாள். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அந்த அழுகை எட்டாதா? தின்றால் கட்டு போகும், கட்டு போனால் இவள் வாசப்படி மிதிக்கமாட்டாள். தின்னாவிட்டால் இவளே மிதிக்கமாட்டேன் என்கிறாள். சேர்வராயா, இது என்ன நியாயம் என்று பாவாயி மனசுக்குள் கேட்டாள். எந்தப் பக்கம் போனாலும் போவது ஒன்றுதான். எதிரில் உட்கார்ந்து அழுகிறவளுடைய அழுகையையாவது நிறுத்தலாமே.

மீனைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள்.

மாங்காய்ப் புளிப்பும் மீனின் ருசியும் நாக்கில் இறங்கின. வெகு நாளாகக் காய்ந்துகிடந்த நாக்கு வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொண்டது. நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய கேவலமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததைக் காரம் என்றாள். சுஜாதா அழுத முகத்தோடேயே சிரித்துவிட்டாள். முள் இருக்கும், இரு என்று தானே முள்ளெடுத்து ஊட்டினாள். சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவது போல் ஊட்டினாள். "இப்பத்தாம்மா நீ எனக்கு அம்மா" என்றாள். பாவாயி கடைசிக் கண்டம் வரைக்கும் தின்றாள். இனி மிச்சம் வைத்து யாருக்கு?

சாயங்காலம் வீடே மாறிப்போயிற்று. விஷயம் தெரிந்து லூர்துசெல்வி கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். சுறாக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி, புள்ள பெத்ததும் புட்டு செஞ்சு குடுங்க சம்மந்தி, பால் நல்லா ஊறும் என்று சுஜாதாவின் பையில் வைத்தாள். சுஜாதா புடவைகளை மடித்து மடித்து அடுக்கினாள். இன்னும் காயாத சுண்ணாம்பு வாசனை உள்ரூமில் இருக்குமா, அப்பா தன் முகத்தைப் பார்த்துப் பேசுவாரா என்று வாய் ஓயாமல் கேட்டாள்.

பாவாயி கடற்கரையில் போய் உட்கார்ந்தாள். ஊர் பார்க்க வந்தவர்கள் அலையில் நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அருக்காணியின் முகம்தான் தெரிந்தது. மறைத்துக் காரியத்தை முடித்தவள் அவள். நாளைக்குச் சுஜாதாவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினால் நானும் அதைத்தானே செய்கிறேன்? வாயும் வயிறுமாக இருக்கிறவள். எடுத்துக்கொள்வது என்று சாமி கையை நீட்டினால் ஒன்றையா எடுக்கும், இரண்டையும்தானே எடுக்கும்? காரியம் போனால் போகட்டும். பிள்ளைகள் இருக்கட்டும்.

கட்டுதான் அவிழ்ந்துவிட்டதே, இனி உண்மையைச் சொன்னால் என்ன என்றும் தோன்றாமலில்லை. சொல்லலாம். சொன்னால், நான்தானே அழுது அழுது திங்க வைத்தேன் என்று அவள் மனசு உடைந்துபோகும். பிரசவ வலியிலும் அதையே நினைப்பாள். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அதையே நினைப்பாள். அதைவிட அம்மாவை வெறுத்துவிட்டுப் போகட்டும். வெறுப்பைத் தூக்கிக்கொண்டும் மனுஷர்கள் நன்றாக வாழ்கிறார்கள். பாவாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்ன மனசு பாருங்கள்.

காலையில் சுஜாதா நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, பையோடு வாசலில் நின்றாள். அருள்தாஸ் ஆட்டோ பார்க்கப் போயிருந்தான்.

"உங்கப்பன் போன் பண்ணுனாரு கண்ணு" என்றாள் பாவாயி. "வேண்டாங்கறாரு."

"என்ன வேண்டாங்கறாரு?"

"உன்னையக் கூட்டியார வேண்டாங்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது சாமி."

சுஜாதா கத்துவாள் என்று பாவாயி எதிர்பார்த்திருந்தாள். கத்தவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தாள். பையின் ஜிப்பைத் திறந்து, கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள். பிறகு புடவைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. ஒரு புருசன் பேச்சக் கேட்டு இப்பிடியும் ஒரு தாய் உண்டா என்று லூர்துசெல்வி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். கை நனைத்த வீட்டில் அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டு பாவாயி இறங்கினாள். ஜன்னல் வழியாகவாவது ஒரு தடவை பார்ப்பாளா என்று பார்த்துக்கொண்டே போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

விருத்தாசலம் தாண்டி பஸ் போய்க்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வெள்ளையன். அவர் தானாகப் போன் செய்கிற ஆளே இல்லை.

"எங்க வரீங்க?"

"விருத்தாசலம் தாண்டிட்டமுங்க" என்றாள். தாண்டிட்டம் என்று இரண்டு பேர் கணக்கில் தன் வாய் சொன்னதைக் கேட்டு அவளே திகைத்துப்போனாள்.

"ஏற்காட்டுல பஸ்ஸுக்குக் காத்து நிக்க வேண்டாம். ஜீப்பு சொல்லி வெச்சிருக்கறன். மெதுவாத்தான் ஓட்டோணும்னு அவங்கிட்டச் சொல்லிட்டன்." அதிகம் பேசிப் பழகாத குரல் தடுமாறியது. "புள்ளைய ஜன்னலோரமா உக்கார வெய்யி. அடிவாரம் தாண்டுனா அதுக்கு வாந்தி வரும்."

"சரிங்க."

"பக்கத்துல இருக்குதா? போனக் குடு. ஒரு வார்த்தை பேசறன்."

பாவாயி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துச் சீட்டில் யாரோ ஒரு பெரியவர் மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"தூங்குதுங்க" என்றாள்.

"அப்பிடியா, சரி சரி. எழுப்பாத" என்றார் வெள்ளையன். "நல்லாத் தூங்கட்டும்."